ஆண்டு விழாவில் வாசிக்காமல் விட்ட பெயர்

மலேசியாவின் பட்டர்வொர்த் வட்டாரத்திலிருந்து 61 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கிச் சொல்கிறேன்.

கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகிப் பட்டர்வொர்த்துக்கு வந்தார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மகள் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இரண்டு கடைவீடுகளின் மேல்மாடியில் கூடும் ஒரு தமிழ்ச் சபைக்கு இவர் 19 வருஷமாகப் போகிறார். ஞாயிறு காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்குவது இவர்தான். கூட்டுவது, துடைப்பது, நாற்காலி போடுவது, பீடத்துக்குப் பூ வைப்பது எல்லாமே இவர் பொறுப்பு. முதல் ஞாயிறு திருவிருந்து முடிந்ததும் அந்தச் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்களைக் கழுவி, குட் மார்னிங் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்குவதும் இவரே. பூ, சோப்பு, தரை துடைக்கும் மருந்து என்று மாதம் 60, 70 வெள்ளி (ரிங்கிட்) கைக்காசு போகிறது. இது போக, சனிக்கிழமைதோறும் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பாட்டியம்மாவின் ஃபிளாட்டுக்குப் போய், குளிப்பாட்டி, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வருகிறார்.

சமீபத்தில் சபையின் 25ஆம் ஆண்டு விழா நடந்தது. உழைத்தவர்களை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுத்தார்கள். பாடகர் குழுவில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு பெண்ணுக்கும் கிடைத்தது. இவர் பெயரை வாசிக்கவில்லை. அந்த நேரத்தில் இவர் பின்பக்கம் மீகூன் பரிமாறிக்கொண்டிருந்தாராம். கைதட்டல் ஓயும் வரை கரண்டியைப் பிடித்தபடியே நின்றாராம். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். "இனி அங்கே கால் வைக்காதே" என்கிறார் கணவர். "சம்பளம் இல்லாத வேலைக்காரியாக வைத்திருக்கிறார்கள்" என்கிறாள் மகள். போதகரின் மனைவியிடம் மனம் திறந்தபோது, "கர்த்தர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார் சிஸ்டர்" என்று பதில் வந்தது. மூன்று வாரமாக இவர் சபைக்குப் போகவில்லை. சாவி இன்னும் இவரிடம்தான் இருக்கிறது. இரண்டு முட்டியும் தேய்ந்திருப்பதாக அரசு கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். இப்போது ராத்திரி தூக்கமும் இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்வி கேட்கிறார். "பெயர் வாசிக்கவில்லை என்று அழுதேனே, அப்படியானால் இத்தனை வருஷமும் மனுஷர் பார்க்கத்தான் செய்தேனா, எனக்குரிய பலன் போய்விட்டதா? நிறுத்தினால் கடவுள் கோபிப்பாரா? சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு ஒதுங்கிவிடலாமா?"

அக்கா, உங்களை அப்படியே கூப்பிடுகிறேன். நான் குடும்ப ஆலோசகர். போதகரும் இல்லை, வேதபண்டிதரும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்பது பாதி மனசைப் பற்றியும் பாதி வேதத்தைப் பற்றியும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நானும். அந்த அளவில் பேசுகிறேன்.

அழுததால் பலன் போய்விடுமா?

போகாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கேடயத்தைவிட இந்தக் கேள்விதான் என்று எனக்குப் படுகிறது.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தது யாரை? தர்மம் செய்வதற்கு முன்னால் தாரை ஊதுகிறவனை. பார்க்க ஆள் இல்லையென்றால் அவன் செய்யவே மாட்டான். நீங்கள் 19 வருஷம் பார்க்க ஆளே இல்லாத காலை ஆறரை மணிக்குத்தான் துடைப்பத்தை எடுத்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்த அழுகை, அதற்கு முன்னால் நடந்த அத்தனை ஞாயிறுகளின் நோக்கத்தையும் திரும்பிப் போய் மாற்றிவிட முடியாது. கூடப் பிறந்தவர்கள் மாதிரி நினைத்திருந்த கூட்டத்துக்கு நடுவில், நாம் இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார்களே என்று உங்களுக்கு வலித்திருக்கிறது. வலிப்பது பெருமைக்காரருக்கு மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

அதே மலைப்பிரசங்கத்தில், ஒரு அதிகாரம் முன்னால், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பரலோகத்திலிருக்கிற பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்றும் அவர்தான் சொல்லியிருக்கிறார். நல்ல வேலை வெளியே தெரிவதே பாவம் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. தெரிய வேண்டும் என்பதற்காகவே செய்வதைத்தான் வேண்டாம் என்றார்.

அப்புறம், ரோமர் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரம். பவுல் ரோமாபுரியில் இருக்கும் 25க்கும் மேற்பட்டவர்களை ஒவ்வொருவராக வாழ்த்துகிறார். அதில் மிகவும் பிரயாசப்பட்டவர்கள், பிரயாசப்படுகிறவர்கள் என்று அவர் சொல்வது நாலு பேரை: மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். நாலு பேருமே பெண்கள். என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை, ஆனால் பெயர் இருக்கிறது. நடுவில் தெர்தியு என்று ஒருவர், பவுல் சொல்லச் சொல்ல அந்த நிருபத்தை எழுதிக்கொண்டிருந்தவர், இதை எழுதின தெர்தியுவாகிய நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று தன் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுகிறார். அத்தனை நீளக் கடிதத்தைக் கை வலிக்க எழுதிய மனுஷன். பவுல் அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

அந்தரங்கம் என்பது யாருக்குச் சொன்னது?

வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்பது கொடுக்கிறவருக்குச் சொன்னது. வாங்கிக்கொள்கிறவர்களுக்குச் சொன்னதில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். சுத்தமான நாற்காலியில் 19 வருஷம் உட்கார்ந்தவர்கள் அதை உங்களிடம் சொன்னால், தங்கள் கடனை ஆண்டவர் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம். போதகரின் மனைவி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். திடீரென்று ஒருவர் கண்ணீரோடு முன்னால் நின்றால் வாய்க்கு வருவது மனப்பாடமான வார்த்தைதான்.

இந்த விஷயத்தில் எருசலேம் சபை செய்தது எனக்குப் பிடிக்கும். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். தினசரி உணவுப் பந்தியில் கிரேக்க பாஷை பேசும் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழும்புகிறது. பரலோகத்தில் கிடைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அப்போஸ்தலர் யாரும் சொல்லவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுப் பேசி, ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் மேல் கைகளை வைத்து ஜெபம்பண்ணிப் பந்தி வேலையை ஒப்படைத்தார்கள். ஏழு பெயரும் எழுதியிருக்கிறது. சாப்பாடு பரிமாறுகிற வேலைக்கு! அன்றைக்கு அது பெயரோடும் பொறுப்போடும் கொடுக்கப்பட்ட ஊழியம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில்கூட மணி அடித்து, கோயிலைப் பெருக்கிச் சுத்தம் செய்ய கோயில்குட்டி என்று தனியாக ஒருவர் உண்டு. வாடகை மாடியில் கூடும் நம் சின்னச் சபைகளில்தான் அது யாருடைய வேலையும் இல்லாமல், கடைசியில் யாரோ ஓர் அக்காவின் வேலையாகிவிடுகிறது.

உங்கள் பெயர் எப்படி விடுபட்டிருக்கும் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டுமென்றே விட்டார்கள் என்று உங்கள் கணவர் சொல்கிறார். இருக்கலாம், நான் அங்கே இல்லை. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல்கள் தயாராகும் விதம் எனக்குத் தெரியும். விழாவுக்கு முந்தின வாரம் செயலாளர் பழைய ஆண்டறிக்கையைப் புரட்டுவார். செயற்குழு, ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம், மாதர் ஐக்கியம் என்று பொறுப்பில் இருப்பவர்கள் வரிசையாக வருவார்கள். "யாராவது விட்டுப்போச்சா?" என்று ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி. நாலு பேர் கட்டை விரலைக் காட்டுவார்கள். முடிந்தது. உங்கள் வேலைக்குப் பொறுப்பின் பெயரும் இல்லை, அறிக்கையும் இல்லை, கூட்டக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. தரை அழுக்காக இருந்தால்தான் துடைக்கிறவர் ஞாபகம் வருவார். கடந்த மூன்று வாரத்தில் உங்களை எத்தனை பேர் நினைத்துக்கொண்டார்களோ!

இது அவர்களுக்குச் சாக்கு ஆகாது. கண் இருந்தும் பார்க்காதது குறைதான். ஆனால் வஞ்சகம் வேறு, கவனக்குறைவு வேறு. எதை எதிர்த்துப் பேசப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபையில் இரண்டு வாலிபப் பெண்கள் கிண்ணம் கழுவ உதவிக்கு வந்தார்கள், அரட்டை அடித்துக்கொண்டே கழுவினார்கள், அடியில் திராட்சைரசக் கறை அப்படியே இருந்தது, "நானே பார்த்துக்கிறேன், நீங்க போங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, நான் நின்று யோசித்தது இந்த வரியில்தான். அந்தக் கறையைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் விட்டால் அடியில் ஊதா நிறத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், விரல் நுழையாது, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்ற வேண்டும். இதை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். நீங்கள் காட்டிக் கொடுக்கவில்லை. அனுப்பிவிட்டீர்கள். யாருக்கும் தெரியாமல் செய்வது ஒன்று, யாரையும் சேர்க்காமல் செய்வது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், செய்கிறவருக்கே வித்தியாசம் தெரியாது. முதலாவதைத்தான் இயேசு மெச்சினார். இரண்டாவதில் ஊழியம் மெல்ல மெல்ல நம்முடைய சொத்தாகிவிடும். அப்போது யாராவது கை வைத்தாலும் பொறுக்காது, யாரும் கை வைக்காவிட்டாலும் பொறுக்காது.

இதில் உங்களைக் குற்றவாளியாக்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, சொன்ன வேலையை எதிர்க்கேள்வி இல்லாமல் முடித்து, முடியவில்லை என்ற வார்த்தையை வாயில் எடுக்காமல் வாழ்ந்த அம்மா அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உதவி கேட்பதே தோல்வி மாதிரி இருக்கும். அது உங்கள் பலமும்தான். ஆனால் 61 வயதில், தேய்ந்த முட்டியோடு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அது பலமாக இருப்பதில்லை.

மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஜனங்களின் வழக்கைத் தனியாக உட்கார்ந்து விசாரித்தபோது, மாமனார் எத்திரோ சொன்னது, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." வேலை நல்ல வேலை. ஆளும் நல்ல ஆள். தனியாகச் செய்ததைத்தான் நல்லதல்ல என்றார். நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். உதவ வந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அதற்குப் பிறகு எதற்காவது முன்வந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நிறுத்துவதா, தொடர்வதா?

ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த ஞாயிறு போய்த் துடைப்பத்தை எடுப்பது ஒரு வழி. பலர் அதைத்தான் தாழ்மை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே கசந்துகொண்டே செய்கிற வேலை ஆறு மாதத்தில் வேறு எங்காவது வெடிக்கும், பெரும்பாலும் அந்தப் பாடகர் குழுப் பெண் மேல். அவள் பாவம், கூப்பிட்டார்கள், வாங்கிக்கொண்டாள். அவள் இரண்டு வருஷத்தையும் உங்கள் 19ஐயும் தராசில் வைக்காதீர்கள். இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கூலியாட்கள் உவமையில், கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலி கிடைத்தபோது, காலையிலேயே வந்தவனின் மனநிம்மதியைக் கெடுத்தது அந்தத் தராசுதான்.

சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு மறைந்துவிடுவது இன்னொரு வழி. உங்கள் கணவருக்கு அது பிடிக்கும். அதன் விலையை நீங்கள்தான் கொடுப்பீர்கள். சபையில் கோபித்துக்கொண்டு போனவர் என்று ஒரே வரியில் உங்கள் 19 வருஷத்தையும் சுருக்கிவிடுவார்கள். சனிக்கிழமைப் பாட்டியம்மா நடுவில் மாட்டிக்கொள்வார். வேறு சபைக்குப் போனாலும் மூன்றாம் மாதம் அங்கேயும் நீங்கள் துடைப்பத்தோடு தனியாக நிற்பீர்கள்.

என் யோசனை: மூன்று மாத ஓய்வு. நீங்களே போய், முறையாகச் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு எடுக்கிற ஓய்வு. அந்த மூன்று மாதமும் ஆராதனைக்குப் போங்கள், ஆனால் எல்லாரையும்போல ஒன்பது மணிக்குப் போங்கள், உட்காருங்கள், பாட்டுப் பாடுங்கள், பிரசங்கம் கேளுங்கள். கடைசியாக எப்போது கிண்ணத்தை எண்ணாமல் திருவிருந்து எடுத்தீர்கள்?

கடவுள் கோபிப்பாரா என்று கேட்டீர்கள். சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஊழியம் செய்துவிட்டு வந்த சீஷர்களை, தனித்துச் சற்றே இளைப்பாறும்படி வாருங்கள் என்று கூப்பிட்டவர் இயேசுதான். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்துச் சமையலறையில் லாரன்ஸ் என்ற சகோதரர் இருந்தார். பாத்திரங்களுக்கு நடுவிலும் கடவுளோடு பேசிக்கொண்டே இருந்தவர் என்று இன்றைக்கும் அவரைச் சொல்கிறோம். அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காது என்பதையும், பிற்காலத்தில் கால் நோவு காரணமாகச் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாறினார் என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சமையலறையை விட்டதால் அவருடைய ஜெபம் குறைந்துவிடவில்லை. உங்களுக்கும் திரும்பி வரும்போது உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது இருக்கட்டும். கிண்ணங்களை வைத்துக்கொள்ளுங்கள், வாளியை விட்டுவிடுங்கள்.

பேசப் போகும்போது

முதலில் ஒரு தாள் எடுங்கள். எந்தக் கிழமை என்ன வேலை, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, பூ எந்தக் கடையில் வாங்குவது, ஷட்டர் மக்கர் பண்ணினால் எந்தப் பக்கம் தட்ட வேண்டும் என்பது வரைக்கும் எழுதுங்கள். எழுதச் சிரமமாக இருந்தால் நீங்கள் சொல்லச் சொல்ல மகள் எழுதட்டும். இது ஒப்படைப்புக்கு வேண்டிய பட்டியல். கூடவே, நீங்கள் ஒரு வார்த்தை பெருமையாகப் பேசாமலேயே, அவர்கள் பார்க்காத வேலை முழுவதும் முதல் தடவையாகத் தாளில் அவர்கள் முன்னால் கிடக்கும்.

போதகரைத் தனியாகப் பாருங்கள். ஒருவரோடு மனக்குறை இருந்தால் முதலில் தனித்திருக்கையில் பேசு என்பது மத்தேயு 18. மாதர் ஐக்கியத்திலோ வாட்ஸ்அப்பிலோ ஆரம்பிக்க வேண்டாம். இந்த மாதிரி பேசலாம்: "பாஸ்டர், அன்றைக்கு என் பெயர் இல்லாதது எனக்கு வலித்தது. கேடயம் வேண்டும் என்று கேட்க வரவில்லை. மறைத்து வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன். முட்டியும் முடியவில்லை. மூன்று மாதம் ஓய்வு வேண்டும். இது வேலைப் பட்டியல், இது சாவி. இரண்டு மூன்று பேரைப் போட்டால் இரண்டு ஞாயிறு கூட இருந்து காட்டிக் கொடுக்கிறேன்." இவ்வளவு போதும். அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரையும் நீங்களே சொல்லுங்கள்.

அவர் மன்னிப்புக் கேட்கலாம். சங்கடத்தில் மறுபடியும் பரலோகக் கணக்கைப் பற்றிப் பேசலாம். ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். எது நடந்தாலும் ஓய்வு ஓய்வுதான், அவர் பதிலைப் பொறுத்து அதை மாற்றாதீர்கள். அடுத்த மாதம் தாமதமாக ஒரு கேடயத்தை நீட்டினால், வீம்புக்கு மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு, காப்பீடு, பாட்டியம்மா

உங்கள் மகள் சொன்ன சம்பளக் கணக்குக்கு வருகிறேன். மனமுவந்து செய்த ஊழியத்துக்குப் பின்னால் திரும்பிச் சம்பளம் கேட்க வழியில்லை, உங்களுக்கு அந்த எண்ணமும் இல்லை. ஆனால் சபை இனிமேல் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்தால் அது வேலை. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்பீடு) எல்லாம் கட்ட வேண்டிவரும். படிக்கட்டு ஏற முடியாத உங்களுக்குப் பதிலாக வாரம் ஒரு தடவை சுத்தம் செய்ய ஆள் வைப்பது அவமானமான யோசனை இல்லை, செயற்குழுவிடம் சொல்லிப் பாருங்கள். அதுவரைக்கும் ஒன்று: ஈரத் தரையில் ஒரு தன்னார்வலர் வழுக்கி விழுந்தால் சொக்சோ அவருக்குத் தானாகக் கை கொடுக்காது. சபையின் காப்பீடு தன்னார்வலர்களையும் சேர்க்கிறதா என்று பொருளாளர் பார்க்கட்டும்.

மாதம் 60, 70 வெள்ளியை இனி ரசீதோடு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காணிக்கையாகக் கொடுக்க விருப்பமென்றால் பையில் போடுங்கள், சோப்பாக வேண்டாம். சபைக்குத் தன் உண்மையான செலவு என்னவென்று தெரிய வேண்டும். தர்மப்பணத்தைக் கையாளும் விஷயத்தில் கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்யப் பார்க்கிறோம் என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமைப் பாட்டியம்மாவை மட்டும் திடீரென்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் கசப்பே இல்லாத ஒரே பத்தி அவரைப் பற்றியது. அவர் தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "போதும்டி, போதும்டி" என்பாராம், எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தனியாகத் தூக்கி உட்கார வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள், விழுந்தால் இரண்டு பேருக்கும் எலும்பு முறியும். இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். முதியோர் உதவித் தொகைக்கும் வீட்டுக்கு வந்து உதவும் சேவைக்கும் சமூகநல இலாகாவில் அவருக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஜேகேஎம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அடையாள அட்டையின் நகலும் மருத்துவச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: இத்தனை வருஷம் ஞாயிறு காலையில் அவருக்குப் பசியாற யார் போட்டுக் கொடுத்தது? அவர் கோபத்தில் உங்கள் மேல் உள்ள அக்கறை பாதி, அவருக்கே வெகுநாளாக இருக்கும் மனத்தாங்கல் பாதியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்று மாதம் ஞாயிறு காலை இரண்டு பேரும் சேர்ந்து பசியாறிவிட்டுக் கிளம்பிப் பாருங்கள்.

கடைசியாகத் தூக்கம். மூன்று வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை, உடம்பும் மனசும் சோர்ந்திருக்கின்றன. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவதூதன் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான், மறுபடியும் தூங்கவிட்டான். முட்டிக்காகக் கிளினிக்குக்குப் போவீர்கள் இல்லையா, அடுத்த முறை டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். முட்டி வலியால் ராத்திரி விழிப்பு வருகிறதா, மனசு பாரத்தால் வருகிறதா என்று அவர் கேட்பார். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. வாழவே பிடிக்கவில்லை என்கிற நினைப்பு எப்போதாவது வந்தால் அந்த அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போங்கள்.